கிறேப்புறூட்

ஸ்ரான்லி வீதியில் புதிதாய் எழும்பின ஹொட்டல்.
லிஃப்ற் நாலாம் மாடி வரைதான்.
மிச்சப் படிகளில்
இரண்டு தரம் திரும்பப் பார்த்தேன்.

வயது நாற்பத்திரண்டு.
ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பதினாறு வருஷம்.
எத்தனை மில்லி, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ என்று
மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே தேய்ந்த வாய்.
எனக்கென்று ஒன்றை
முன்னுமில்லாமல் பின்னுமில்லாமல்
சும்மா குடித்துப் பார்க்க
வெள்ளி வேண்டாமென்று வியாழனை எடுத்தேன்.

அட்டையில் பதினொரு பியர்.
சதவீதம் மட்டும் விளங்கியது:
நாலு தசம் ஐந்து, ஆறு, எட்டு.
செறிவு பார்த்து எடுத்தால்
இதுவும் இருமல் பாணிதான்.

சட்டையில் டெஸ்மன் என்று குத்தியிருந்த பொடியன் சொன்னான்:
"முதல்தரமெண்டால் நாலு சின்னக் கிளாஸ் எடுங்கோ அக்கா.
வெளிறினதில துவங்கி கறுப்பில முடியுங்கோ.
கறுப்பில துவங்கினா
நாக்கு பிறகு மற்றதை நம்பாது."

நாலு குழி வெட்டின பலகை.
முதலாவது கோதுமை.
"வாழைப்பழமும் கராம்பும் எண்டு சொல்லுவினம்."
ஆர் சொல்லுவினம் என்று கேட்கவில்லை.
கப்பல் பழம், தோல் கறுத்த பிறகு. கராம்பு, ஓம்.

இரண்டாவது புளிப்பு.
நேற்றுக் கரைத்து மறந்துபோன அப்பமா,
மூடி திறந்தவுடன் மூக்கில் ஏறுமே,
அது.
பலகையின் மற்ற முனைக்குத் தள்ளினேன்.

மூன்றாவதுக்கு, "கிறேப்புறூட் வாசம் வரும்" என்றான்.
"கிறேப்புறூட் எப்பிடி இருக்கும்?"
தட்டைப் பார்த்தான்.
"தெரியாதக்கா."
"இதைக் குடிச்சிருக்கிறீரோ?"
"இல்லை. நாங்கள் சபைக்குப் போறனாங்கள்.
கொழும்பில மூண்டு நாள் றெயினிங்.
ஆக்கள் மணந்து சொன்னதையெல்லாம்
கொப்பியில எழுதிப் பாடமாக்கினனான்."

இருவரும் காணாத ஒரு பழம்
நடுவில் நுரைத்துக்கொண்டிருந்தது.
குடித்தேன்.
கசப்பு. எனக்குக் கசப்புகளைப் பெயர்சொல்லித் தெரியும்.
குளோரோகுயின் என்றால் அடிநாக்கில் நின்று ஏசும்.
பாகற்காய் உள்ளே வரும்போதே முகம் சுளிக்கும்.
இது வந்தது, கொஞ்சம் இருந்தது,
எழும்பிப் போனபிறகு வாசம் விட்டுப் போனது.
நாரத்தங்காய்த் தோலை மடித்தால் சீறுமே ஒரு எண்ணெய்,
பின்னேரம் வரை நகத்துக்குள் கிடக்குமே.
"நாரத்தங்காய்த் தோல்" என்றேன்.
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினான்.

அப்போதுதான் பக்கத்து மேசை என்னைக் கண்டது.
மூன்றாம் யன்னல், மாதத்தின் இரண்டாம் செவ்வாய்,
மெற்போமின் அறுபது.
மதுசாரம் கூடாது என்று நான்தான் சொன்னது.
மனிதர் தன் கிளாஸைத்
தண்ணீர்ப் போத்தலுக்குப் பின்னால் நகர்த்தினார்.
நான் என்னுடையதை நகர்த்தவில்லை,
நிமிரவுமில்லை.
செவ்வாய் வரைக்கும் அது போதும்.

கறுப்பு.
"கோப்பி, சொக்" என்று துவங்கி
டெஸ்மன் வாயை மூடிக்கொண்டான்.
"நீங்களே சொல்லுங்கோ."
கோப்பிதான். ஆனால் வறுத்த ஆள்
இடையில் போன் கதைக்கப் போயிருக்கிறார்.
சொக்கிலேற் இல்லை.
பினாட்டு. வெயிலில் கறுத்த ஓரத்தைப்
பல்லால் இழுக்கும்போது வருவது.
"கொழும்பில இதைச் சொன்னா சிரிப்பினம்."
"இஞ்ச ஆருக்கு விக்கிறீர், கொழும்புக்கோ?"
அதையும் எழுதினான்.

"அப்ப எதக்கா நல்லது?"
யன்னலில் இதே கேள்விக்கு
ஒருநாளும் நான் தடக்குப்பட்டதில்லை.
"மூண்டாவது.
நல்லதெண்டு சொல்லேலாது.
இன்னொருக்காக் குடிச்சால்தான் தெரியும்."
பெரிய கிளாஸில் வந்தது.
அரைவாசிக்கு மேல் முடியவில்லை.

நாலாம் மாடியில் லிஃப்றுக்கு நின்றேன்.
கைப்பையில், வாய்மணத்துக்கென்று
வீட்டிலிருந்தே சுற்றி வந்த கராம்பு.
இரண்டை மென்றேன்.
முதல் கிளாஸ் மாதிரியே இருந்தது.